பாதித் தட்டு

அம்மா பொய் சொல்வதை அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அரசாங்கக் கிளினிக்கில் உணவியல் அதிகாரியின் அறை. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், மீதிப் பாதி முழுக்கப் பச்சைக் காய்கள். எல்லாம் ரப்பர் பொம்மைகள். அவர் அம்மாவைப் பார்த்து, “ஆன்ட்டி, ஹாரி-ஹாரி மாக்கான் சாயூர்?” என்று கேட்டார். தினமும் காய்கறி சாப்பிடுகிறீர்களா? அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “மாக்கான், மாக்கான். பாஞாக்.”

நிறைய சாப்பிடுகிறாராம். முந்தைய இரவு அம்மா என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். சோறு, கோழிக் குழம்பின் சாறு, ஓர் அப்பளம். பொரித்த பீன்ஸ் இருந்தது. அது என் தட்டிலும் பாட்டியின் தட்டிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வரும் வழியில் காரில் கேட்டேன். “ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“அந்தப் பொண்ணு எவ்ளோ அன்பா கேக்குது. இல்லன்னு சொன்னா அதுக்குக் கஷ்டமா இருக்கும்ல.”

அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அன்று 9.1. ஏழுக்குள் இருந்தால் நல்லது என்றார்கள்.

அந்தத் தட்டுக்கு நம் நாட்டில் ஒரு பெயர் உண்டு: சுக்கு-சுக்கு-செபாரு. கால், கால், பாதி. கிளினிக் சுவரில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில், பால் மாவுப் பெட்டியின் பின்னால்கூட இந்தத் தட்டுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாட்டியிடம் சொன்னபோது, “சுக்கு நல்லதுதான், மல்லியும் போட்டுக் குடிக்கச் சொல்லு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தேசிய உடல்நலம், நோய் நிலை ஆய்வு அறிக்கைகளைத் தேடிப் படித்தேன். சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுக்க வீடுவீடாகப் போய் எடுக்கும் கணக்கு அது. இந்தியர்களின் நிலை மட்டும்தான் மோசமாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். நம்மவர்கள் கூட்டங்களில் அப்படித்தானே பேசிக்கொள்கிறோம். சர்க்கரை விஷயத்தில் அது உண்மையும்கூட. 2019 ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 18.3 சதவீதம், இந்தியர்களில் மட்டும் 31.4. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். எங்கள் மாடியில் கதவு கதவாக எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாகத்தான் வந்தது.

காய்கறி, பழம் பக்கம் வேறு கதை சொன்னது. போதுமான அளவு காய்கறியும் பழமும் சாப்பிடாத பெரியவர்கள் 2011-இல் 92.5 சதவீதம். 2015-இல் 94. 2019-இல் ஏறக்குறைய 95. 2023-லும் அதே 95-ஐ ஒட்டித்தான். ஓர் இனத்தைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த எண் இடம் தராது. நூறில் தொண்ணூற்றைந்து என்றால் மலாய்க்காரர், சீனர், இந்தியர், பட்டணம், கம்போங், பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் அதற்குள்தான் இருக்க வேண்டும். குழுவுக்குக் குழு சில புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு ‘எங்கள் ஆட்கள் பரவாயில்லை’ என்று சொல்வது, பதினைந்து மதிப்பெண் வாங்கியவன் பன்னிரண்டு வாங்கியவனைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து ஐந்து வருஷமாக இதே வேலை. நூறு பாகம் செய்து அதில் ஐந்து தேறாமல் போனால், இயந்திரத்தை ஓட்டியவரைக் கூப்பிட்டு விசாரிப்போம். தொண்ணூற்றைந்து தேறவில்லை என்றால் அவரைத் திட்டுவதில் பொருளில்லை. அளவுகோல் சரியா, மூலப்பொருள் சரியா, லைன் ஓடும் விதம் சரியா என்று பார்க்க வேண்டும். இது வேலையில் சேர்ந்த முதல் மாதம் கற்றுக்கொடுக்கும் பாடம். ஆனாலும் அன்று இரவு நான் செய்தது இயந்திரத்தை ஓட்டியவரைப் பிடித்ததுதான். மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

இரண்டு வாரம் நிறுத்தேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. எண்பது கிராம் வீதம் ஐந்து பங்கு. நம் நாட்டு வழிகாட்டியில் அது மூன்று பங்கு காய், இரண்டு பங்கு பழம். எதெல்லாம் காய்கறி என்று பார்க்கப் போனபோதுதான் பாதி தமிழ்ச் சமையல் கணக்கிலிருந்து விழுந்தது. உருளைக்கிழங்கு வராது. அது சோற்றோடு சேர்ந்த மாவு. பருப்பு, மீனும் கோழியும் இருக்கும் அந்தக் கால் பங்குக்குப் போய்விடும். ஜப்பான்காரன் காலத்தில் நம் ஆட்களின் உயிரைப் பிடித்துவைத்திருந்த மரவள்ளிக்கிழங்குக்கும் மதிப்பில்லை. அதன் இலைக்கு உண்டு. சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காயைச் சப்பித் துப்பினால் எத்தனை கிராம் உள்ளே போனது? துப்பிய சக்கையை நிறுத்துக் கழித்தேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. நான் மதியம் கேன்டீனில் சாப்பிடுவதைப் படம் எடுத்துக் கண்ணால் மதிப்பிட்டேன். அப்பா மதியச் சாப்பாட்டை வெளியில் வாங்குவார். கேட்டால், “மீ கோரேங், அதுல தாவ்கே இருந்துச்சு” என்பார். அதை முப்பது கிராம் என்று போட்டேன். பதினான்கு நாள் சராசரி இது: பாட்டி 190, நான் 155, அப்பா 80, அம்மா 65. நான்கு பேரும் சேர்ந்து 490 கிராம். ஓர் ஆளுக்குச் சொல்லப்பட்ட அளவைவிட ஒரு கைப்பிடி அதிகம்.

பழத்துக்கு எங்கள் வீட்டில் தனி விதி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பழம் சாமிக்கு வாங்குவது. வெள்ளிக்கிழமை இரண்டு வாழைப்பழம், படைத்த பிறகு ஆளுக்குப் பாதி. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள், ஆரஞ்சு. சீனப் பெருநாளில் முதலாளி கொடுக்கும் மண்டரின் ஆரஞ்சுப் பெட்டி. டுரியான் காலத்தில் ஒருநாள் கூத்து. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு காரணமும் இல்லாமல், ஒரு கொய்யாவை வெட்டித் தின்பது என்பது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை.

பத்தாவது நாள் அம்மா தட்டைத் தராசில் வைக்க மறுத்துவிட்டார்.

“எல்லாரும் தின்னு முடிச்சப்புறம் சட்டியில இருக்குறத வழிச்சு நான் தின்றேன். அதையும் நிறுத்துப் பாத்து எழுதி வச்சுக்கப் போறியா?”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. பிறகு நான்கு நாட்களுக்கு அம்மாவின் கணக்கை, சட்டியில் இருந்ததிலிருந்து மற்றவர்கள் எடுத்ததைக் கழித்து, அவருக்குத் தெரியாமல் எழுதினேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாட்டியின் 190 எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு நாங்கள் டெங்கிலுக்கு வந்த கதையைத் தொட வேண்டியிருக்கும். இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. மலாயில் ‘பெரும் போர்’. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் திறந்த தோட்டம் என்பதால் அந்தப் பெயர். ரப்பர் படித்தவர்களுக்கு அந்தத் தோட்டத்தைத் தெரிந்திருக்கும். பிபி என்ற எழுத்துகளில் தொடங்கும் ரப்பர் ரகங்கள் எல்லாம் அங்கே உருவானவை. கேரளத்துத் தோட்டங்கள்வரை போயிருக்கின்றன. 1995-இல் நிர்வாகத் தலைநகரம் கட்டத் தொடங்கினார்கள். பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் வெளியேறி டெங்கில் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். நாங்கள் வந்தபோது எனக்கு மூன்று வயது. லயத்து வீடு எனக்கு நினைவில் இல்லை. பாட்டி சொல்லித்தான் தெரியும்.

லயத்து வீட்டுக்குப் பின்னால் இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி, வாழை, வேலி ஓரமாகக் கோவைக்கொடி, குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி. மாட்டுச் சாணி எரு. கத்திரி, வெண்டையைப் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்வார்கள். காசு கொடுத்து வாங்கியது வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு. கிராணி வீட்டுக்கு மட்டும் கேமரன் மலைக் கோபிஸ் வரும் என்றார் பாட்டி. கோபிஸ் வாங்கித் தின்பது ஒரு அந்தஸ்து.

இந்த இடத்தில் நான் ஒரு அழகான கட்டுரையை எழுதியிருக்க முடியும். மண்ணோடு வாழ்ந்தோம், கீரை தின்றோம், நோயில்லாமல் இருந்தோம் என்று. தோட்டத்தைப் பற்றி நாம் எழுதுவதில் பாதி இப்படித்தான் இருக்கிறது. பாட்டியிடம் இதை ஒரு கேள்வியாகக் கேட்டேன்.

“ஆசப்பட்டா கீர தின்னோம்? வேற இல்ல அய்யா. விடிய முன்ன மரம் வெட்டப் போயி, பாலு எடுத்து, ஸ்டோர்ல ஊத்திட்டு வந்து, வெயிலு தாழக் கொத்துவேன். உங்க தாத்தா கள்ளுக்கடைக்குப் போயிருப்பாரு. கருவாடு ஒரு துண்டு இருந்தா அது அவருக்கு. கொழம்பு புள்ளைங்களுக்கு. கீர எனக்கு.”

அப்பாவின் 80-க்கு விடையும் அதில்தான் இருந்தது. அப்பாவுக்குக் கீரை ஆகாது. உடம்புக்கு இல்லை, மனதுக்கு. “சின்ன வயசுல தின்னதே போதும்டா” என்பார். அவருக்குத் தினமும் தட்டில் ஒரு துண்டு கோழி இருக்க வேண்டும். எட்டுப் பேர் இருந்த லயத்து வீட்டில் தீபாவளிக்கும் முனியாண்டி படையலுக்கும் மட்டும் கறி பார்த்த மனிதர் அவர். அந்தக் கோழித்துண்டு அவருக்குச் சம்பளச் சீட்டு மாதிரி. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாதித் தட்டுக்குக் கீரையை வை என்று சொன்னால், திரும்பத் தோட்டத்துக்குப் போ என்று சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். கிளினிக் சுவர்ப் படத்தில் இதற்கு இடமில்லை. பச்சை நிறம் எல்லாருக்கும் ஆரோக்கியத்தின் நிறமாகவே இருக்கும் என்று நம்பி வரைந்த படம் அது.

அப்பா புத்ராஜெயாவில் குத்தகைக்காரர் ஒருவரிடம் புல் வெட்டுகிறார். சாலையோரப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அவர் பிறந்த மண்ணில், தின்ன முடியாத செடிகளுக்கு. அம்மா அங்கேயே ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, ஆறு மணி வேனைப் பிடிப்பார். கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீர் அலசி, நறுக்கி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருநாள் பார்த்தேன். நான் ஆய்ந்தபோது 35 நிமிடம். அம்மாவுக்கு 20. ஒரு கட்டுக் கீரை வதங்கியபின் நான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு கரண்டிகூட வராது. அதே 20 நிமிடத்தில் கோழிக் குழம்பு தானே கொதித்துக்கொள்ளும்.

காசுக் கணக்கும் போட்டேன். நான்கு பேருக்கு 400 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 1.6 கிலோ. மாதம் 48 கிலோ. தோல், காம்பு, பூச்சி போனது சேர்த்து 60 கிலோ வாங்க வேண்டும். எங்கள் பசார் மாலாம் விலையில், பழத்தையும் காயையும் கலந்து, கிலோவுக்கு ஆறு வெள்ளி என்று குறைத்தே வைத்தால் 360 வெள்ளி. அம்மாவின் அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரிக்கு முன்பு 1,500. 2016-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 18 நாடுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. மலேசியாவும் அதில் உண்டு. தினம் ஐந்து பங்கு வாங்க ஆகும் செலவு, பணக்கார நாடுகளில் குடும்ப வருமானத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே. மலேசியா சேர்ந்திருக்கும் மேல்-நடுத்தர வருமான நாடுகளில் சுமார் 16. மிக ஏழை நாடுகளில் 52. ‘அஞ்சு வெள்ளிக்கு பபிள் டீ குடிக்கிறான், ரெண்டு வெள்ளிக்குக் காங்கோங் வாங்க மாட்டானா’ என்று கேட்பவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை பார்க்கலாம். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

பணம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். என் சம்பளம் அம்மாவுடையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். என் கணக்கு வெறும் 155. அதில் பெரும்பகுதி அம்மா தன் தட்டுக்குப் போகாமல் என் தட்டில் போட்டது. என்னோடு வேலை செய்யும் சீன நண்பன் தன் வீட்டில் தினமும் ஒரு பச்சை வதக்கல் கட்டாயம் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னான். அந்த ஒரு தட்டை நிறுத்துப் பார்த்துச் சொல் என்றேன். ஆறு பேருக்கு 400 கிராம் சவி. அவனும் எங்களோடு 95-க்குள்தான். மலாய் நண்பர்களின் உலாம் பற்றிப் பெரிதாக நினைத்திருந்தேன். “அது என் பாட்டி வீட்டில், கம்போங்கில்” என்றாள் ஒருத்தி. எல்லார் காய்கறியும் அவரவர் பாட்டி வீட்டில் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போய் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டால் மூன்று வகைக் காய் வைக்கிறார்கள், கேட்டால் இன்னொரு முறையும் வைப்பார்கள். யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுபடி கேட்பது குழம்பைத்தான். நானும்தான்.

பாட்டி மட்டும் விதிவிலக்காக இருந்ததற்குக் காரணம், எங்கள் புளோக்குக்குப் பின்னால், சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன நிலம். நான்கடி அகலம் இருக்கும். யாரையும் கேட்காமல் அங்கே தண்டுக்கீரை விதைத்திருந்தார். பெயின்ட் வாளியில் ஒரு முருங்கைப் போத்து. எழுபத்தொன்பது வயதில் மூன்று மாடி இறங்கித் தண்ணீர் ஊற்றிவிட்டு, மதியம் தனியாக ஒரு சட்டி கடைந்து சாப்பிடுவார். அந்த 190-இல் பெரும்பகுதி கடைக்குப் போகாதது.

நான் தராசை எடுத்துவைத்த மறுவாரம் புல் வெட்ட ஆள் வந்தார்கள். மாலையில் நான் வரும்போது நிலம் மொட்டையாக இருந்தது. வாளி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரிடம் புகார் கொடுப்பது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பூட்ஸ் முழுக்கப் பச்சையாக ஒட்டிய புல்.

“வெட்டுனவன ஏன்டா திட்டுற. பச்சையா இருக்குறதெல்லாம் தரையோட வெட்டுன்னுதான் சொல்லியிருப்பாங்க. எங்களுக்கும் அப்படித்தான் சொல்றாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “நானும் வெட்டியிருக்கேன். யாரோ ஒரு அம்மா வச்ச புதினா” என்றார்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு நிறுத்திருந்தால் அவருடைய எண்ணும் அம்மாவுடையது அளவுக்கு வந்திருக்கும்.

அதன் பிறகு சில விஷயங்கள் மாறின, பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை நான் பாசாருக்குப் போகிறேன். கீரை ஆய்வது என் வேலை. இப்போது 25 நிமிடம். அலுவலகத்திலிருந்து வரும்போது வெட்டிய பப்பாளியோ கொய்யாவோ வாங்குகிறேன். முதல் வாரம் அம்மா அதைச் சாமி மேடையில் வைத்துவிட்டார். காயை முதலில் நான்கு பங்காகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவது என்று ஒரு விதி கொண்டுவந்தேன். அம்மா தன் பங்கை எடுத்து அப்பா தட்டில் போடுகிறார், அப்பா அதைப் பாட்டி தட்டுக்குத் தள்ளுகிறார். அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. கோழித்துண்டு அவர் தட்டில் தினமும் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி கிளினிக். சராசரி 8.6. அதே அறை, அதே ரப்பர் தட்டு. தட்டில் ஒரு கேரட் காணாமல் போயிருந்தது. அந்தப் பெண் கோப்பைப் புரட்டிவிட்டு அதே அன்போடு கேட்டார். “ஆன்ட்டி, சாயூர் மாச்சாம் மானா? ஹாரி-ஹாரி மாக்கான்?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“தாக். சிக்கிட் சஜா,” என்றார் அம்மா.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, “கெனாப்பா, ஆன்ட்டி?” என்று கேட்டார். அம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். காலை நாலரை மணியிலிருந்து சொல்லத் தொடங்கினார்.